"கேட்டா ஞாபகம் வந்துடாதா?": பெங்களூரில் ஓர் அம்மாவின் கேள்வி

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கார்மெண்ட்ஸில் வேலை பார்ப்பவர். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மூத்த பெண் இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "அக்கா, அவ நோட்டுல என்னமோ எழுதி வச்சிருக்கா. இங்கிலீஷ்ல இருக்கு, எனக்குப் பாதிதான் புரியுது. படிச்சுச் சொல்லுங்க" என்று போனில் எடுத்த படத்தை நீட்டினார்.

நான்கே வரிகள். களைப்பாக இருக்கிறது, இங்கே இருக்கவே பிடிக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். தமிழில் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "நான் இதப்பத்திக் கேட்டா அவளுக்கு அது ஞாபகம் வந்துடாதா அக்கா? கேக்காம விட்டா தானாச் சரியாயிடாதா?"

இளம் வயதினர் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுப்பது பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் பெற்றோரைப் பார்த்துத்தான் பேசுகிறோம். கவனியுங்கள், பேசுங்கள், அழுத்தம் கொடுக்காதீர்கள் என்கிறோம். அந்தப் பெற்றோர் பயந்துபோயிருப்பார், தூங்கியிருக்க மாட்டார், வெளியே சொல்ல வெட்கப்படுவார், எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே தெரியாமல் நிற்பார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளையைப் பிடித்து நிறுத்த வேண்டிய கைதான் முதலில் நடுங்குகிறது. அந்தக் கையை யாராவது பிடிக்க வேண்டும். தடுப்பு வேலையின் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அப்படி நம்பக் காரணங்களும் இருக்கின்றன.

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இது ஆறுதலுக்காகச் சொல்வது அல்ல, சோதித்துப் பார்த்தது. நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2005-ல் வெளியானது. ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதால் தொந்தரவு அதிகமாகவில்லை, கொஞ்சம் குறைந்ததற்கான அடையாளம்கூடத் தெரிந்தது. உள்ளே தனியாக வைத்துச் சுமந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்கும்போது, சுமை இறங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது.

கேட்காவிட்டால் தெரியவும் வராது. பிலடெல்பியாவில் 11 முதல் 17 வயது வரையுள்ள 5,137 பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியாக விசாரித்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. உயிரை விடும் எண்ணம் வந்ததாகச் சொன்ன பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரின் பெற்றோருக்கு அது தெரியவே இல்லை. அவர்கள் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் சோறு போட்டு, பாடம் கேட்டு, காய்ச்சல் பார்த்து, அப்படியும் தெரியாமல் இருந்தவர்கள். அது அமெரிக்கக் கணக்குதான். ஆனால் பிள்ளை தன் மனதை ஆங்கிலத்தில் எழுதுகிறது, சிநேகிதர்களிடம் கன்னடமும் இந்தியும் கலந்து பேசுகிறது, அம்மாவிடம் தமிழில் "சாப்டேன்", "தூக்கம் வருது" என்பதோடு முடித்துக்கொள்கிறது என்றால், அப்படிப்பட்ட பெங்களூர் வீட்டில் இடைவெளி இன்னும் குறைவாகவா இருக்கும்?

மொழி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுத் தமிழில் சாவு சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. "உயிர வாங்காத", "என்னைச் சாகடிக்காத", "செத்தேன் இன்னிக்கு" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். கோபம் வந்தால் அம்மா "நான் போய்ச் சேர்ந்தாதான் உங்களுக்கு என் அருமை தெரியும்" என்பார். பாட்டி "அவன் என்னை எப்பக் கூட்டிக்கப் போறானோ" என்று பெருமூச்சு விடுவார். யாரும் திடுக்கிடுவதில்லை. திடுக்கிட்டால் குடித்தனம் நடத்த முடியாது. அதனாலேயே ஒரு பதினேழு வயதுப் பிள்ளை "இருந்து என்ன பிரயோஜனம்மா" என்று சொன்னால் அதுவும் அந்தச் சத்தத்தோடு சத்தமாகக் கரைந்துவிடுகிறது. "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி", "எல்லாம் முடிஞ்சா நல்லாருக்கும்", "இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இருக்காது". இவை கோபத்தில் வந்தாலும் சரி, சிரித்துக்கொண்டே வந்தாலும் சரி, அந்த இடத்திலேயே நின்று கேட்க வேண்டிய சொற்கள். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை இங்கே கொண்டுவந்து போடுபவர்கள் உண்டு. அது இந்த விஷயத்தில் முழுத் தவறு. இப்படி இறந்தவர்களில் பலர் யாரிடமாவது, ஏதாவது ஒரு விதத்தில், முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

சொல்லாமல் காட்டுபவர்களும் உண்டு. வளரும் பிள்ளைக்கு மனச்சோர்வு வந்தால் எப்போதும் அழுகையாகத்தான் வெளிப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எரிந்து விழுவது, எதற்கெடுத்தாலும் கதவைச் சாத்துவது, ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவது, காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி என்றும் வரும். "திமிரு", "சோம்பேறித்தனம்", "போன்தான் காரணம்" என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, சிநேகிதர்களிடம் விடைபெறுவது போலப் பேசுவது, வாரக்கணக்காக இருண்டு கிடந்த முகம் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது ஆகியவற்றை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதைக் கண்டு "அப்பாடா, தெளிஞ்சுட்டான்" என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். சில சமயம் அது தெளிவாக இருக்காது.

சரி, எப்படிக் கேட்பது? எதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, பக்கவாட்டில் இருக்கும்போது கேட்பது சுலபம். காய் நறுக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, கடைக்கு நடந்து போகும்போது. கண்ணுக்குக் கண் பார்க்காத நேரத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது. உறவினர் முன்னிலையில் வேண்டாம். தம்பி, தங்கை பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். முதலில் பார்த்ததைச் சொல்லலாம்: "கொஞ்ச நாளா நீ சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. உனக்குள்ள ஏதோ பெருசா வலிக்குதுன்னு தோணுது." அப்புறம் சுற்றி வளைக்காமல் கேட்கலாம்: "வாழவே பிடிக்கலன்னு தோணுதா? செத்துப்போயிடலாம்னு நெனச்சிருக்கியா?" ஓர் அம்மாவுக்கு இந்த வாக்கியம் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் மட்டும் பிள்ளைக்கு ஒரே ஒரு பதிலைத்தான் விட்டுவைக்கிறோம். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

"ஆமா" என்று பதில் வந்தால் அடுத்த ஐந்து நிமிடம் மிக முக்கியம். நாம் பாசத்தில் சொல்லும் பல வார்த்தைகள் அப்போது கதவைச் சாத்திவிடும். "உனக்கு என்ன குறை வச்சோம்?", "நாங்க படாத கஷ்டமா?", "உன்னை நம்பித்தானே நாங்க உயிரோட இருக்கோம்?" கடைசி வாக்கியம் அன்பில் வருவதுதான். ஆனால் தான் ஒரு பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் அது இன்னொரு மூட்டையை ஏற்றுகிறது. அதைவிட, "சொன்னியே, அது போதும். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இத நீ தனியாச் சுமக்க வேண்டாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டாக்டரப் பாப்போம்" என்று சொல்லலாம். கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு பதில்தான். அந்த நேரத்தில் தீர்வு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சத்தியம் வாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே அப்படி நெனைக்க மாட்டேன்னு" என்பது நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி வாங்குபவர்களும் உண்டு. அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணம் மறுபடி வரும்போது பிள்ளை அதைச் சொல்லாது. சொன்னால் சத்தியத்தை மீறியதாகிவிடும், அம்மாவின் தலைக்கு ஆபத்தாகிவிடும். இனி செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்குவது உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

அதற்குப் பதிலாக மருத்துவர்களும் ஆலோசகர்களும் சொல்லித்தருவது 'பாதுகாப்புத் திட்டம்'. பெயர்தான் பெரியது, ஒரு தாளில் அடங்கும். அந்த எண்ணம் வரப்போகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? வந்தால் முதலில் நானே என்ன செய்து பார்ப்பேன்? எந்த இடத்துக்குப் போனால், யாரோடு இருந்தால் மனம் வேறு பக்கம் திரும்பும்? யாரிடம் உதவி கேட்பேன்? எந்த எண்ணை அழைப்பேன்? வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும்? இதைப் பிள்ளையே தன் சொற்களில் எழுத வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,640 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் வெளியானது. இப்படித் திட்டம் எழுதிக்கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் போனில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த 6 மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் அல்ல. ஆனாலும் இப்போது வளரும் பிள்ளைகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் எதை அப்புறப்படுத்துவது என்ற வரியைப் பெற்றோர் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருக்கடி என்பது ஓர் அலை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உயிர்பிழைத்த 82 பேரிடம் விசாரித்த ஓர் ஆஸ்திரிய ஆய்வில், எண்ணம் வந்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் நடுவே 10 நிமிடம்கூட ஆகவில்லை என்று ஏறக்குறையப் பாதிப்பேர் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றலாம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரை உட்பட எல்லா மருந்தும் பூட்டுக்குள் போகட்டும். அன்றைய மாத்திரையைப் பெரியவர் எடுத்துக் கொடுக்கட்டும். எலி மருந்து, பூச்சி மருந்து வீட்டில் வேண்டவே வேண்டாம். ஒற்றை அறை வாடகை வீட்டில் பூட்டுப்போட அலமாரி இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம். எங்கள் தெருவில் அப்படி ஒரு டப்பா இப்போது என் பீரோவில் இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். பரீட்சை முடிவு வரும்போது மட்டும் செய்தித்தாள்கள் இதைப் பேசுகின்றன. ஆனால் அந்த அறிக்கையில் 'தேர்வில் தோல்வி' என்ற காரணம் 1.2 சதவீதம்தான். முதலிடத்தில் இருப்பது 'குடும்பப் பிரச்சினைகள்', 31.7 சதவீதம். இதைப் படிக்கும் அம்மா அப்பாவுக்கு, நீங்கள்தான் காரணம் என்று அரசாங்கமே முத்திரை குத்தியதுபோல இருக்கும். அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இறப்புக்குப் பிறகு காவல் நிலையப் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் ஒரு காரணத்தை எழுத வேண்டும். நிஜத்தில் எந்த உயிரும் ஒற்றைக் காரணத்தால் போவதில்லை. மனச்சோர்வு, தூக்கமின்மை, ஒரு அவமானம், ஓர் இழப்பு, போதை, பரம்பரையாக வரும் பாதிப்பு, கைக்கு எட்டிய ஏதோ ஒன்று என்று பல இழைகள் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொள்கின்றன. குடும்பத்தில் மாற்ற வேண்டியவை உண்டு, மறுக்கவில்லை. காதல் தெரியவந்ததும் போனைப் பிடுங்கி அறையில் அடைப்பது அதில் ஒன்று. அந்தப் பிள்ளை சாய்ந்துகொள்ள இருந்த ஒரே தோழியையும் அத்தோடு பிடுங்கிவிடுகிறோம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரால் காவல் இருக்க முடியாது. "வளர்ப்பு சரியில்ல" என்ற ஒரே சொல்லுக்குப் பயந்து எத்தனை பெற்றோர் உதவி கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள்!

பெற்றோருக்குக் கைகொடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைப்பேன். தற்கொலை ஆபத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 448 வளரிளம் பிள்ளைகள். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியிடம், உனக்குத் துணையாக இருக்கக்கூடிய பெரியவர்கள் யார் என்று கேட்டு, அவர்களே பெயர் சொல்லச் சொன்னார்கள். அம்மா, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராக இருந்தாலும் சரி. பிறகு அந்தப் பெரியவர்களை உட்கார வைத்து, பிள்ளைக்கு என்ன பிரச்சினை, எப்படிப் பேசுவது, எப்போது உதவிக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதம் வாராவாரம் போன் செய்து, எப்படிப் போகிறது என்று அந்தப் பெரியவர்களையே விசாரித்தார்கள். அவ்வளவுதான். 11 முதல் 14 ஆண்டுகள் கழித்து இறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது, எல்லாக் காரணங்களையும் சேர்த்து வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 13 பேர் இறந்திருந்தார்கள். துணைக்கு ஆள் வைத்த பிரிவில் 2 பேர். 2019-ல் வெளியான இந்த ஒரே ஆய்வை வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பிள்ளைக்குப் புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை, சுற்றியிருந்த பெரியவர்களைத் தாங்கினார்கள். அதுதான் என் மனதில் நிற்கிறது.

நம் பக்கத்து ஆதாரமும் உண்டு. உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வு ஒன்றில் சென்னையும் ஓர் இடம். கொழும்பு, பிரேசிலில் காம்பினாஸ், ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங் ஆகியவை மற்ற இடங்கள். முயற்சிக்குப் பிறகு அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினரோடு ஒரு மணி நேரம் பேசி, அடுத்த 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 18 மாத முடிவில் அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். ஒன்பது முறை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்குக் கிடைத்த பலன் இது.

அப்படியானால் பெங்களூரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் எங்கே போவது? ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. நாட்டிலேயே இந்தத் துறையில் பெயர்பெற்ற இடம். தமிழ்நாட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஆனால் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இருக்கும் நாம் அங்கே போகத் தயங்குகிறோம். 19-ஆம் நூற்றாண்டில் பைத்தியக்கார விடுதியாகத் தொடங்கி, மனநல மருத்துவமனையாக மாறி, 1974-ல் இன்றைய நிறுவனமாக உருவானது அது. அந்தப் பழைய பெயர் இன்னும் ஊர்வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நிம்ஹான்ஸ் போனான்னு தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் நடக்குமா?" என்று கேட்கிறார்கள். அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, தமிழ் பேசுபவர்களும் இருக்கிறார்கள். பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் நல்வாழ்வு மையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கத் தயங்குபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

குடும்பத்தை வெளியே நிறுத்தாமல் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துக்கொள்வது இந்திய மனநல மருத்துவத்தில் பழைய வழக்கம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் குடும்பத்தினர் கூடவே தங்கினார்கள். துணைக்கு இருக்கும் அம்மாவுக்கு நோயைப் பற்றிச் சொல்லித்தருவதும் சிகிச்சையில் அடங்கும். ஆகவே டாக்டரிடம் போகும்போது "நாங்க வீட்டுல என்ன செய்யணும், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதைப் பற்றியும் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் போதை மருந்துகள் அல்ல, ஆனால் வேலை செய்யச் சில வாரம் ஆகும். இளம் வயதினருக்கு அந்த முதல் வாரங்களில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். கொஞ்சம் தேறியதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதுதான் பெரும்பாலும் சிக்கலில் விடுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு, யாரைக் கேட்பது? டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. நாடு முழுவதும் 24 மணி நேரமும் இலவசம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம். தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். முக்கியமான விஷயம், பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்றில்லை. "என் பொண்ணு இப்படிச் சொல்றா, நான் என்ன பண்ணணும்?" என்று அம்மாவே அழைக்கலாம். அம்மாவுக்கே வாழ்க்கை கசந்திருந்தால் அதற்கும் அழைக்கலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. தமிழில் பேச அதைவிட நல்ல இடம் குறைவு. பிள்ளை இப்போதே ஆபத்தில் இருக்கிறது என்று தோன்றினால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல், தனியாக விடாமல், அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். 112 அல்லது 108-ஐ அழைக்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் வீட்டிலேயே வைத்துச் சமாளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயற்சி செய்தவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி., அதாவது சட்டம் தொடர்பான மருத்துவ வழக்கு என்று பதிவு செய்வார்கள். அது நடைமுறை, தண்டனை அல்ல.

பள்ளி, கல்லூரிகளின் பங்கும் மாற வேண்டும். 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டுதல்களை விதித்தது. பெற்றோருக்கு மாணவர் மனநலம் பற்றிய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதும் அதில் ஒன்று. எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து நின்று, அது எப்போது நடக்கப்போகிறது, எந்த மொழியில் நடக்கப்போகிறது என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் படம் காட்டி முடித்தால் கார்மெண்ட்ஸ் ஷிப்டை விட்டு வந்த அம்மாவுக்கு என்ன பயன்? பரீட்சையைப் பற்றி ஒன்று மட்டும். கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் இரண்டாம் பி.யு.சி.க்கும் ஒரே ஆண்டில் மறுபடி தேர்வு எழுத வாய்ப்பு இருக்கிறது. தவறினால் ஒரு வருடம் போச்சு என்ற காலம் போய்விட்டது. ரிசல்ட் வருவதற்கு முந்தின நாளே, என்ன மார்க் வந்தாலும் அன்றைக்கு ராத்திரி எல்லோரும் சேர்ந்து சாப்பிடப்போகிறோம் என்று சொல்லி வைக்கலாம்.

அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? காய்ச்சல் வந்த வீட்டுக்கு ரசம் கொண்டு போகிறோம். இந்த வீட்டுக்கு மட்டும் ஒருவரும் போவதில்லை, என்ன பேசுவது என்று தெரியாததால். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வாரங்களில்தான் அம்மா அப்பா மாறி மாறி விழித்திருந்து, லீவு முடிந்து, சம்பளம் பிடித்து, ஓய்ந்துபோயிருப்பார்கள். ஊரில் இருக்கும் பாட்டியோ சித்தியோ ஒரு பத்து நாள் வந்து தங்கினால் எவ்வளவு பெரிய உதவி! அதற்கு அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. வாய் பூட்டிய ஒருவரிடம், கூடுமானால் பிள்ளையைக் கேட்டுக்கொண்டு. கூடப்பிறந்த சின்னதுகளுக்கும் ஏதோ நடக்கிறது என்று புரியும். "அக்காவுக்கு மனசு சரியில்ல, டாக்டர் பாக்கறாங்க, உன்னால வந்ததில்ல" என்று அவர்களுக்குப் புரிகிற அளவில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி நானும் அந்த அம்மாவும் என் சமையலறையில் உட்கார்ந்து 14416-ஐ அழைத்தோம். கேட்க வேண்டிய வாக்கியத்தை எதிர்முனையில் இருந்தவர் சொல்லித்தர, அந்த அம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை அழுதுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பெண்ணின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகு கேட்டாராம். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் அவள் இருட்டில் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள் என்று மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது சொன்னார்.

இப்போது நிம்ஹான்ஸில் சிகிச்சை நடக்கிறது. நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது. அடுத்த புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். அப்பா ஆட்டோவை விட்டுவிட்டுக் கூடப் போகிறார். சின்னவனைப் பள்ளிக்கு அனுப்பி, மத்தியானம் கூட்டி வந்து சோறு போடுவது என் பொறுப்பு. அவனுக்குப் பருப்பில் நெய் ஊற்ற வேண்டுமாம், சொல்லி அனுப்பியிருக்கிறான்.